செயினும் ஸ்ப்ரொக்கெட்டும் தேய்ந்துவிட்டதா? கொழும்பில் பைக் ஓடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கராஜ் வாசலிலும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு முன்னாலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். சொல்லும் அளவுகள் பெரும்பாலும் 100 முதல் 160 சிசி வரையான பைக்குகளுக்குப் பொருந்தும். உங்கள் பைக்கின் கையேட்டில் வேறு எண் இருந்தால் கையேடு சொல்வதே முடிவு. ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே வேலை இல்லை; அதில் ஓடுவது பெல்ட்.

1. செயின் லூசா இருக்கு. அப்ப தேஞ்சிட்டுது எண்டுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்ல முடியாது. தளர்வு வேறு, தேய்மானம் வேறு. பின் அச்சு கொஞ்சம் முன்னால் இருந்தால் நேற்று வாங்கிய செயினும் தொங்கும். முற்றாகத் தேய்ந்த செயினைக்கூட, பின் அச்சை நகர்த்தும் அட்ஜஸ்டரைத் திருகி இழுத்தால் கம்பி மாதிரி நிற்கும். "இறுக்கி விட்டாச்சு" என்று அனுப்பிய பைக் ஒரு கிழமையில் மறுபடியும் செயின் கேஸில் சட சட என்று அடித்தால், இறுக்கத்தைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு அளக்கத் தொடங்க வேண்டும்.

தளர்வை ஸ்பேனரால் சரிசெய்யலாம். தேய்ந்ததை மாற்றத்தான் முடியும். கீழே வரும் பாதிக் கேள்விகள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் எழுபவை.

2. இரும்புச் செயின் எப்படி நீளும்? ரப்பரா அது?

தகடுகள் நீள்வதில்லை. லிங்க்குகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆணி இருக்கிறது. ஆணியைச் சுற்றி புஷ் என்கிற சிறு குழாய், புஷ்ஷுக்கு மேல் உருளும் ரோலர். செயின் ஸ்ப்ரொக்கெட் என்கிற பற்சக்கரத்தில் வளைந்து ஏறும்போதெல்லாம் ஆணி புஷ்ஷுக்குள் கொஞ்சம் திரும்பும். உள்ளே ஒயில் வற்றி மணலும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அராவும். ஒரு மூட்டில் 0.1 மிமீ தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. 118 லிங்க் செயினில் அது 118 தடவை கூடி, கிட்டத்தட்ட 12 மிமீ ஆகிவிடுகிறது. "நீண்டுபோச்சு" என்று நாம் சொல்வது இதைத்தான்.

3. வீட்டில வச்சே பார்க்கலாமா? கருவி ஏதும் வாங்கணுமா?

பள்ளிக்கூடப் பிள்ளையின் 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் போதும். முதலில் செயினின் வெளித்தகட்டில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். நம் ஊரில் ஓடும் சின்ன பைக்குகளில் பெரும்பாலும் 428. முதல் இலக்கம், ஒரு ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவரையான தூரத்தை எட்டிலொரு அங்குலக் கணக்கில் சொல்கிறது. 4 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மிமீ. 5 என்றால் 15.875 மிமீ. கடைசி இரண்டு இலக்கங்கள் அகலத்துக்கானவை. அளப்பதற்கு அவை தேவையில்லை.

எஞ்சினை நிறுத்திச் சாவியையும் கழற்றி எடுங்கள். டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, செயினைத் துணியால் துடைத்துவிட்டு, முதலாம் கியரில் போட்டு, பின் சில்லைக் கையால் முன்னோக்கித் தள்ளிப் பிடியுங்கள். கீழ்ப்பக்கச் செயின் இறுகி நேராக நிற்கும். அதில் அடுத்தடுத்து 21 ஆணிகளை எண்ணி, முதல் ஆணியின் இடது விளிம்பிலிருந்து 21ஆவது ஆணியின் இடது விளிம்புவரை அளவெடுங்கள். இடையில் இருப்பது 20 இடைவெளி. 420, 428 செயின் புதிதாக இருந்தால் 254 மிமீ வரும். 256.5 வந்தால் ஒரு வீதம் நீண்டிருக்கிறது. செயினும் ஸ்ப்ரொக்கெட்டும் சேர்ந்த புது செட்டுக்குக் காசு ஒதுக்க வேண்டிய நேரம். 259 என்றால் இரண்டு வீதம், அதற்கு மேல் ஓடக்கூடாது. 520 செயினில் புதிய அளவு 317.5 மிமீ. அதற்கு அடிமட்டம் எட்டாது, அளவு நாடா வேண்டும். பல கையேடுகள் 323 மிமீயை எல்லையாகக் கொடுக்கின்றன.

பழைய அடிமட்டத்தின் பூச்சியப் பக்கம் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். 1 சென்ரிமீற்றர் கோட்டிலிருந்து தொடங்கி, கடைசியில் 10 மிமீ கழித்துவிடுங்கள். சில்லைச் சுழற்றி மூன்று இடங்களில் அளந்து, கூடிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரேமாதிரித் தேய்வதில்லை.

4. என்ட பைக்ல செயின் கேஸ் முழுசா மூடியிருக்கு. கழட்டாமப் பார்க்க ஏலாதா?

கேஸின் கீழே இருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கி, விரல் விட்டுத் தளர்வைப் பார்க்கலாம். தேய்மானத்தைப் பார்க்க அந்த ஓட்டை போதாது. இரண்டு மூன்று போல்ட்தான். ஒவ்வொரு இரண்டாவது சர்விசுக்கும் கேஸைக் கழற்றச் சொல்லுங்கள். கேஸுக்குள் இருக்கும் செயின் மழைத்தண்ணீரும் மணலும் படாமல் நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் கண்ணில் படாததால் அதை மறந்துவிடுவதும் நடக்கிறது.

வெளியிலிருந்தே தெரியும் ஒரு அறிகுறி உண்டு. பின் சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் வெட்டியிருக்கும் கோடுகளில் அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டை நெருங்கிவிட்டதென்றால் கேஸைக் கழற்றி அளக்காமல் விட வேண்டாம்.

5. செயினைப் பின்னுக்குப் பிடிச்சு இழுத்துப் பார்த்தாப் போதும் எண்டு கராஜ் பாஸ் சொல்றார். சரியா?

சரியான சோதனைதான். தளர்வைச் சரிசெய்தபின், பின் சில்லோடு இருக்கும் பெரிய ஸ்ப்ரொக்கெட்டின் ஆகப் பின்பக்கத்தில், கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் இடத்தில், செயினை விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுக்க வேண்டும். நல்ல செயின் பல்லை விட்டு அசையாது. பல்லின் பாதி உயரம் வெளியே தெரிந்தால் செயின் முடிந்துவிட்டது.

ஒரு குறை: இந்தச் சோதனை விஷயத்தைத் தாமதமாகத்தான் காட்டும். விரலுக்குத் தெரியும் நேரத்தில் ஸ்ப்ரொக்கெட்டும் சேர்ந்து கெட்டிருக்கும். கடையில் பழைய பைக் வாங்கும்போது அவசரத்துக்குப் பார்க்க இது நல்லது. சொந்த பைக்குக்கு அடிமட்டமே மேல்.

6. ஸ்ப்ரொக்கெட் பல்லு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியுது. தேஞ்சதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எல்லாம் ஒரேமாதிரித் தேய்வதால்தான் ஒரேமாதிரித் தெரிகிறது. பல்லை அல்ல, இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள குழியைப் பாருங்கள். புதிய ஸ்ப்ரொக்கெட்டில் அந்தக் குழி ரோலர் அளவாக, இரண்டு பக்கமும் சமமாக வட்டமாக இருக்கும். பல்லின் நுனியும் தட்டையாக இருக்கும். தேயத் தேயக் குழி ஒரு பக்கமாக நீள்கிறது, நுனி கூராகிறது, கடைசியில் பல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி மாதிரி, சுறாவின் முதுகுச் செட்டை மாதிரி ஆகிவிடும். எஞ்சின் பக்கமுள்ள சின்ன ஸ்ப்ரொக்கெட்டில் கொக்கி சுழலும் திசைக்கு முன்பக்கமாகச் சாயும், ஏனென்றால் அதன் பல் செயினைத் தள்ளி இழுக்கிறது. பெரியதில் செயின்தான் பல்லைத் தள்ளுகிறது. அதனால் கொக்கி எதிர்ப்பக்கம் சாயும்.

கண்ணால் நிச்சயப்படுத்த முடியாவிட்டால் ஸ்ப்ரொக்கெட்டின் மேல் ஒரு வெள்ளைக் கடதாசியை அழுத்தி, பென்சிலால் தேய்த்துப் பற்களின் உருவை எடுங்கள். கடதாசியைத் திருப்பி வெளிச்சத்துக்குப் பிடித்தால் அதே உரு எதிர்ப்பக்கமாகத் தெரியும். இரண்டு பக்கமும் பல் ஒரேமாதிரி இருந்தால் நல்லது. சாய்வு மாறித் தெரிந்தால் பல் கொக்கியாகத் தொடங்கிவிட்டது.

7. சின்ன ஸ்ப்ரொக்கெட்டையும் பார்க்க வேணுமோ? அது மூடிக்குள்ள எல்லோ இருக்கு.

அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்னே 14 பல், பின்னே 42 பல் என்றால், பின் சில்லு ஒரு சுற்றுச் சுற்ற முன்னது மூன்று சுற்றுச் சுற்றும். முன் பல் ஒவ்வொன்றுக்கும் மூன்று மடங்கு வேலை. பெரியது அழகாக இருக்க, சின்னது கொக்கியாகிக் கிடப்பது வழமை.

இடது பக்கம் கியர் லீவருக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றினால் உள்ளே கறுப்புச் சேறு நிறைந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள். பல்லின் வடிவம் ஒன்று. இரண்டாவது, ஸ்ப்ரொக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால் கியர் பொக்ஸ் தண்டோடு சேர்ந்து அசைகிறதா, தனியாக ஆடுகிறதா என்பது. கொஞ்சம் ஆடுவது பல பைக்குகளில் இயல்பு. கடகடவென்று ஆடினால் தண்டின் பள்ளங்கள் தேய்கின்றன, பிறகு கியர் பொக்ஸையே திறக்க வேண்டி வரும். மூன்றாவது, அதைப் பிடித்திருக்கும் லொக் பிளேட்டின் இரண்டு சின்ன போல்ட்டும் இறுக்கமாக இருக்கின்றனவா என்பது. சேற்றுக்குள் புது ஒயில் ஈரமாகப் பளபளத்தால் தண்டின் ஒயில் சீல் கசிகிறது. செயினில் இருந்து தெறித்த ஒயில் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

8. எவ்வளவு லூஸ் இருக்கலாம்?

செயின் கேஸிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். சின்ன பைக்குகளில் 20 முதல் 30 மிமீ, அல்லது 25 முதல் 35 மிமீ என்று இருக்கும். கியரை நியூட்ரலில் விட்டு, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடித்து, விரலால் செயினை மேலே தள்ளி ஒரு எண், கீழே இழுத்து ஒரு எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தளர்வு. மேலே தள்ளுவதை மட்டும் அளந்துவிட்டு அதுதான் தளர்வு என்று எடுத்து, இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு லூசாக விட்டு ஓடுபவர்கள் இருக்கிறார்கள்.

டபுள் ஸ்டாண்டில் அளப்பதா, சைட் ஸ்டாண்டில் அளப்பதா என்பது பைக்குக்குப் பைக் வேறு. ஸ்டிக்கரில் படம் இருக்கும்.

9. டைட்டா வச்சா சத்தம் வராது, நல்லதுதானே?

லூசாக ஓடுவதைவிட இது மோசம். சின்ன ஸ்ப்ரொக்கெட்டின் நடு, ஸ்விங் ஆர்ம் திரும்பும் இடம், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயினுக்கு அதிக நீளம் தேவைப்படும். வெறும் பைக்கில் அவை ஒரே கோட்டில் இருப்பதில்லை. பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினால் வரும். அந்த நேரத்தில் கொடுக்கத் தளர்வு இல்லையென்றால் செயின் இழுபட்டு, கியர் பொக்ஸ் தண்டின் பெயாரிங்கையும் பின் சில்லின் நடுவிலுள்ள ஹப்பின் பெயாரிங்கையும் இழுக்கும். 7ஆம் பதிலில் சொன்ன ஒயில் சீல் கசிவுக்கும் இது ஒரு காரணம்.

இறுக்கிய பிறகு இரண்டு பேரை உட்கார வைத்துப் பாருங்கள். அப்போதும் செயின் விரலுக்கு அசைய வேண்டும்.

10. நானே இறுக்கலாமா? என்ன ஒழுங்கில செய்யணும்?

செய்யலாம். பின் அச்சு நட்டில் அது கழலாமல் பிடிக்கும் கொட்டர் பின் இருந்தால் கழற்றி, நட்டைத் தளர்த்துங்கள். பல சின்ன பைக்குகளில் செயின் பக்கம் ஸ்லீவ் நட் என்று இன்னொன்று இருக்கிறது. அதையும் தளர்த்தாவிட்டால் அட்ஜஸ்டரின் திருகுப் புரிதான் போகும், சில்லு அசையாது. பிறகு இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று, கால் சுற்றாகச் சமமாகத் திருகிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் தளர்வைப் பாருங்கள்.

அளவு வந்ததும் சில்லைக் கையால் முன்னோக்கித் தள்ளி அச்சு அட்ஜஸ்டரில் சாய்ந்து நிற்கச் செய்து, ஸ்லீவ் நட், அச்சு நட், அட்ஜஸ்டர் லொக் நட் எல்லாவற்றையும் இறுக்குங்கள். இறுக்கியபின் தளர்வை இன்னொருமுறை அளக்க வேண்டும். அச்சு நட்டை இறுக்கும்போது 5 மிமீ மாறிவிடுவது சாதாரணம். கொட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள்.

டிரம் பிரேக் என்றால் வேலை முடியவில்லை. சில்லு பின்னால் போனதால் பிரேக் கம்பி இழுபட்டிருக்கும். பெடலின் தளர்வைத் திரும்பச் சரிசெய்து, சில்லு உராயாமல் சுழல்கிறதா, பின் பிரேக் விளக்கு சரியான நேரத்தில் எரிகிறதா என்று பாருங்கள். செயின் இறுக்கிய அடுத்த நாள் "பைக் இழுவை இல்லை" என்று வரும் புகார்களில் பல, பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவதால் வருபவை.

11. ஸ்விங் ஆர்ம்ல இருக்கிற மார்க்கை நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம், விழுந்து எழும்பிய பைக்கில் நம்ப வேண்டாம். பின்னால் குந்தி, செயினை நீளவாட்டில் ஒரு கண்ணால் பாருங்கள். பெரிய ஸ்ப்ரொக்கெட்டை விட்டு வரும் செயின் நேராகப் போக வேண்டும், ஒரு பக்கம் வளையக்கூடாது. வளைந்து ஓடினால் பற்களின் ஒரு பக்கக் கன்னமும், செயினின் உள்தகடுகளில் ஒரு பக்கமும் மட்டும் கண்ணாடி மாதிரி மினுங்கும். இரண்டு பக்கமும் மங்கலாக இருப்பதே நல்லது.

12. சில்லைச் சுத்தினா ஒரு இடத்தில டைட்டாகுது, இன்னொரு இடத்தில தொங்குது. எந்த இடத்தில அளவு வைக்கிறது?

ஆக இறுகும் இடத்தில். அங்கே 8ஆம் பதிலில் சொன்ன அளவு இருக்க வேண்டும். லூசான இடத்தில் வைத்து இறுக்கினால் இறுகும் இடத்தில் 9ஆம் பதிலில் சொன்னது நடக்கும்.

இறுகும் இடத்துக்கும் லூசான இடத்துக்கும் சின்ன வித்தியாசம் இருப்பது பரவாயில்லை. 10, 15 மிமீ என்று வந்தால் செயின் ஒரேசீராகத் தேயவில்லை. இறுக்கி இறுக்கி நாளைக் கடத்தலாமே தவிர அது திருந்தாது. சில லிங்க்குகள் மட்டும் துருவேறி மடங்கியபடி நிற்கின்றனவா என்றும் பாருங்கள். கீழ்ப்பக்கச் செயினை ஆறுதலாக ஓடவிட்டுப் பார்த்தால், மடங்கிய லிங்க் ஸ்ப்ரொக்கெட்டை விட்டு வந்தபிறகும் முழங்கால் மாதிரி வளைந்தே வரும். ஒயில் போட்டு அசைத்தும் இளகாவிட்டால் செயினை மாற்றுங்கள்.

13. கழுவ பெற்றோல், போட பழைய எஞ்சின் ஒயில். இவ்வளவு காலமும் இதுதான். என்ன பிழை?

பெற்றோல் தீப்பிடிக்கும், மூட்டுகளில் ரப்பர் ரிங் உள்ள ஓ ரிங் செயின் என்றால் அந்த ரிங்கையும் கெடுக்கும். மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் போதும். கம்பி பிரஷ் வேண்டாம். பழைய எஞ்சின் ஒயிலில் எஞ்சினில் தேய்ந்த இரும்புத்தூள் இருக்கிறது. ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே அராவுவதற்கு நாமே பொடி போட்டுக் கொடுப்பது போல அது. 90 கியர் ஒயிலோ, செயினுக்கென்று விற்கும் ஸ்பிரேயோ போடுங்கள். கிரீஸைத் தடிப்பாகப் பூசுவதும் வீண். அது வெளியே நின்று மணலைப் பிடிக்குமே தவிர உள்ளே போகாது. நீலமஞ்சள் டின்னில் வரும் சாதாரண டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், துருவை இளக்கும். செயினுக்கு ஒயிலாக நிற்காது.

ஓடி வந்து செயின் சூடாக இருக்கும்போது, கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கத்தில், தகடுகள் சேரும் இடைவெளிகளில் துளித்துளியாக விட்டு, சில்லைக் கையால் சுழற்றுங்கள். அரை மணித்தியாலம் கழித்து வெளியே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். ஏறக்குறைய 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை, நல்ல மழையில் நனைந்தால் அன்றைக்கே.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கியரில் போட்டு, ஓடும் செயினில் துணியைப் பிடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். துணி ஸ்ப்ரொக்கெட்டில் சிக்கினால் விரலும் கூடவே போகும். கையை இழுக்க நேரம் கிடைக்காது.

14. மரைன் டிரைவ் பக்கம்தான் வீடு. ரெண்டு கிழமையில செயின் மண்ணிறமாகிடுது. மாத்த வேணுமோ?

நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உப்புக்காற்றில் தகடுகளின் வெளியே வரும் துரு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தாலே பாதி போகும். பயப்பட வேண்டியது வேறு துரு: தகடும் தகடும் சேரும் இடத்தில், ஆணித் தலையைச் சுற்றி, செங்கல் பொடி மாதிரிச் சிவப்புத் தூள் கசிந்து நின்றால், உள்ளே ஒயில் இல்லாமல் ஆணி அராவப்படுகிறது. அந்த லிங்க்குகளை நடுவில் வைத்து 3ஆம் பதிலில் சொன்னபடி அளந்து பாருங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் போன்ற கடலோரப் பகுதிகளில் 500 கிலோமீற்றரை 300 என்று குறைத்து வைப்பது புத்தி.

வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வெள்ளத்துக்குள்ளால் ஓடி வந்திருந்தால் தண்ணீரோடு சேறும் உள்ளே போயிருக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, உலரவிட்டு, அன்றிரவே ஒயில் போடுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் காலையில் செயின் இறுகிக் கிடக்கும்.

15. ஓ ரிங் செயினுக்கு ஒயிலே தேவையில்லையாமே?

ஆணிக்குத் தேவையில்லை, தொழிற்சாலையிலேயே கிரீஸை உள்ளே அடைத்து ரப்பர் ரிங்கால் மூடியிருப்பார்கள். ஆனால் ரோலருக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தேவை, ரிங் காயாமல் இருக்கவும் தேவை. ஓ ரிங் செயினில் தேய்மானம் நீண்ட காலம் மெதுவாகப் போகும். ஒரு இடத்தில் ரிங் விழுந்தால் அந்த மூட்டு மட்டும் வேகமாகக் கெட்டு, 12ஆம் கேள்வியில் கேட்ட நிலை வந்துவிடும். அதனால் இந்தச் செயினில் ரிங்கை எண்ணுவதும் சோதனையின் பகுதிதான்.

16. எத்தனை கிலோமீற்றருக்கு மாத்தணும்?

கிலோமீற்றருக்கு மாற்றாதீர்கள், அளவுக்கு மாற்றுங்கள். மூடிய கேஸுக்குள் ஒழுங்காக ஒயில் கண்ட செயின் 20,000 தாண்டும். சாப்பாட்டு டெலிவரிக்கு நாள் முழுக்க சிக்னலுக்குச் சிக்னல் நின்று எடுக்கும், திறந்த செயின் உள்ள பைக்கில் அதில் பாதியும் வராமல் போகலாம். இழுத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் பல்லில் அடி விழுகிறது.

17. செயின் மட்டும் மாத்தினாப் போதாதா? ஸ்ப்ரொக்கெட் இன்னும் ஓடும் போல இருக்கே.

தேய்ந்த ஸ்ப்ரொக்கெட்டின் குழிகள் பழைய, நீண்ட செயினுக்கு ஏற்றபடி மாறியிருக்கின்றன. புதுச் செயினின் 12.7 மிமீ அதில் சரியாக உட்காராது. எல்லாப் பல்லும் பங்கு போட வேண்டிய சுமையை ஒன்றிரண்டு பல் மட்டும் தாங்கும். புதுச் செயினும் வேகமாக நீளும். மறுபக்கமாக, பழைய செயினோடு புது ஸ்ப்ரொக்கெட் போட்டாலும் இதே கதைதான். செட்டாகவே மாற்றுங்கள்.

ஒரே ஒரு விலக்கு: செயின் ஒரு வீதத்தை எட்டமுன் கல்பட்டோ வேறு எதனாலோ கெட்டு, கடதாசிச் சோதனையில் ஸ்ப்ரொக்கெட் இரண்டு பக்கமும் சமமாக வந்தால் செயினை மட்டும் மாற்றலாம்.

18. ஒரு லிங்க் வெட்டி எடுத்தா இன்னும் கொஞ்ச நாள் ஓடலாம் எண்டு சொல்லினம்...

அட்ஜஸ்டர் முடிந்த செயினில்தான் இந்த யோசனை வரும். வெட்டினால் மொத்த நீளம் குறையும், மீதி லிங்க்குகள் ஒவ்வொன்றும் நீண்டபடியேதான் இருக்கும். பல்லில் ஏறி உட்காராது. சிக்னலில் இருந்து வேகமாக எடுக்கும்போது பல் தாண்டி டக் டக் என்று குதிக்கும். அறுந்தால் எஞ்சின் உறையை உடைக்கலாம். பின் சில்லில் சுற்றிக்கொண்டால் சில்லு நின்றுவிடும். வேண்டாம்.

19. செயின் லொக் கிளிப்பை எந்தப் பக்கம் பார்க்கப் போடுறது?

செயினின் இரண்டு முனையையும் இணைக்கும் லொக்கைப் பிடித்திருக்கும் கிளிப் இது. அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்ப்பக்கச் செயினில் வைத்துப் பார்த்தால் மூடிய முனை பைக்கின் முன்பக்கம். அதே கிளிப் கீழே வரும்போது பின்பக்கம் பார்க்கும். மாறிப் போட்டால் ஏதாவது தட்டும்போது பிளந்த முனை கழன்றுவிடும். கிளிப் ஆணியின் பள்ளத்துக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். ஒருமுறை கழற்றிய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள்.

20. பஞ்சிகாவத்தையில விலை கூடினது, குறைஞ்சது எண்டு நாலு வகை காட்டுறாங்க. எதைப் பார்த்து வாங்குறது?

பழைய ஸ்ப்ரொக்கெட் இரண்டையும் கையோடு கொண்டுபோய்ப் பல் எண்ணிக்கை, துளைகள், தடிப்பு எல்லாவற்றையும் ஒத்துப் பாருங்கள். ஒரே பெயர் பைக்கில் வருஷத்துக்கு வருஷம் பல் மாறியிருக்கலாம். செயினில் அளவு எண் ஒவ்வொரு தகட்டிலும் தெளிவாக அடித்திருக்க வேண்டும். 428எச் என்றால் தகடு தடிப்பு. அதற்கு 428இன் லொக் பொருந்தாது. செயினை மேசையில் நேராக இழுத்துவைத்து 20 இடைவெளி அளந்தால் கடைக்காரர் முகம் சுழிக்கலாம், ஆனால் புதிதே 255 காட்டினால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஸ்ப்ரொக்கெட்டுக்கு ஒரு அரம் போதும். நன்றாகக் கடினப்படுத்திய பல்லில் அரம் வழுக்கும். மென்மையானதில் உடனே கீறிப் பொடி விழும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

21. முன்னுக்கு ஒரு பல்லு கூடப் போட்டா செயின் கூட நாள் ஓடுமா? பெற்றோலும் மிச்சமாமே.

கொஞ்சம் ஓடும். 14 பல்லில் ஒவ்வொரு லிங்க்கும் 25.7 பாகை வளைய வேண்டும், 15இல் 24 பாகைதான். ஆணிக்கு வேலை குறைவு. ஆனால் 42க்கு 14 என்ற விகிதம் 3இலிருந்து 2.8க்கு இறங்கும், இழுவை ஏறக்குறைய 7 வீதம் குறையும். கொழும்புக்குள் தெரியாது. ஆளை ஏற்றிக்கொண்டு கண்டி வீதியில் கடுகண்ணாவ ஏற்றத்தில் தெரியும். ஒரு கியர் இறக்கிப் போனால் மிச்சம் பிடித்த பெற்றோலும் அங்கேயே போய்விடும்.

மூடிக்குள் பெரிய ஸ்ப்ரொக்கெட் உரசாமல் இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேகமானி முன் சில்லிலிருந்து ஓடினால் மாற்றம் இல்லை. கியர் பொக்ஸ் பக்கமிருந்து எடுக்கும் பைக்கில் முள் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பிப் பொலிஸிடம் வாதாட முடியாது.

22. புதுசு பூட்டி 300 கிலோமீற்றர்தான். திரும்ப லூஸ். ஏமாத்திட்டாங்களா?

அவசரப்பட வேண்டாம். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீற்றரில் கொஞ்சம் இளகும். ஆணியும் புஷ்ஷும் ஒன்றோடொன்று படிகின்றன. ஒருமுறை இறுக்கினால் நிற்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் முறையும் கேட்டால் 20 இடைவெளியை அளந்து பாருங்கள். 254ஐ விட்டு நகராமல் இருந்தால் செயினில் பிழையில்லை. அச்சு நட் சரியாக இறுகாமல் சில்லு முன்னுக்கு வழுக்குகிறது. நகர்ந்திருந்தால் சந்தேகம் நியாயம்தான்.

23. செயின், ஸ்ப்ரொக்கெட் எல்லாம் புதுசு. அளவும் சரி. ஆனா எக்சிலேட்டரை விட்டுப் பிடிச்சா 'டக்' எண்டு ஒரு அடி. எங்க பார்க்கிறது?

ஹப் ரப்பரில். பெரிய ஸ்ப்ரொக்கெட் நேரே சில்லில் பூட்டியிருக்காது. நடுவே ரப்பர் துண்டுகள் இருந்து இழுவையின் அடியை வாங்கிக்கொள்ளும். டபுள் ஸ்டாண்டில் வைத்து, ஒரு கையால் சில்லைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்ப்ரொக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். ரப்பர் அமுங்கித் திமிறுவது போலிருந்தால் நல்லது. வெறுமனே ஆடி, உள்ளே தட்டுவது கேட்டால் ரப்பர் தேய்ந்துவிட்டது.

பழைய ரயர் டியூபை வெட்டி இடைவெளியில் திணிப்பது பல கராஜில் நடக்கும் வைத்தியம். சில மாதம் தாங்கும். பிறகு துண்டு நழுவி ஒரு பக்கம் கூடச் சுமை விழும், ஸ்ப்ரொக்கெட் ஆடி ஓடும், புதுச் செயினில் 12ஆம் கேள்வியின் இறுக்கமும் தளர்வும் தொடங்கும். செயின் செட்டின் விலையோடு பார்த்தால் ரப்பர் செட் சில்லறைக் காசு. சில்லு கழற்றியிருக்கும்போதே மாற்றிவிடுங்கள். அதே நேரம் ஹப் பெயாரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தால், கரகரப்பு இருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.